ஹெட்லைட் எரியவில்லையா, அழுது வடிகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஹெட்லைட்டில் ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். பல நேரம் அது சரியாகவும் போய்விடும். ஆனால் புது பல்பும் கொஞ்ச நாளில் போய்விடுகிறது, அல்லது புது பல்பும் பழையது மாதிரியே அழுது வடிகிறது என்றால் கோளாறு பல்பில் இல்லை, பல்புக்குக் கரண்ட் வந்து திரும்பும் வழியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கடைக்குப் போய் "இன்னும் பவரான பல்பு கொடுங்க" என்று கேட்டு வாங்கி மாட்டுவதில்தான் ஒயரிங் உருகுவது, எதிரே வருபவர் கண் கூசுவது எல்லாமே ஆரம்பிக்கிறது.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால், இருட்டியதும் வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டுப் பாருங்கள். போனது ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? லோ பீமா, ஹை பீமா? சுத்தமாக அணைந்திருக்கிறதா, மங்கலாக எரிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். நான் இங்கே சொல்வது பெரும்பாலும் ஹாலஜன் பல்பு போட்ட வண்டிகளுக்கு, அதிலும் நம்ம ஊர்ச் சின்ன கார்களில் அதிகம் இருக்கும் ஹெச்4 பல்புக்கு. அது ஒரே பல்புக்குள் ரெண்டு இழை உள்ள ரகம், லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெண்டும் அணைந்துவிட்டால்

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு அப்போது உட்கார்ந்து படிக்க நேரம் இருக்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், பின்னால் வருபவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஹசார்டைப் போட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடியே டிப்பர் லீவரை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். ஓவர்டேக் பண்ணும்போது அடிக்கும் அந்த லைட், பல வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்சைத் தாண்டி வேறு கான்டாக்ட் வழியாக வருகிறது, அதனால் ஸ்விட்ச் போயிருந்தாலும் அது எரியும். எரிந்தால் அந்த வெளிச்சத்திலேயே இடது ஓரம் ஒதுங்கிவிடலாம். அதுவும் இல்லையென்றால் ஹை பீம், ஃபாக் லாம்ப், எது எரிகிறதோ அது.

நிறுத்தியதும் வண்டியோடு வந்த முக்கோணத்தை நன்றாகத் தள்ளிப் பின்னால் வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களை இறக்கி ரோட்டை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் போடலாம். முன்னால் போகிற லாரியின் பின் விளக்கைப் பிடித்துக்கொண்டே அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லாரிக்காரர் ஒரு பள்ளத்தைப் பார்த்து ஒடித்தால் அது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் நேராக அதில் இறங்குவீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

இதில் பல்பைச் சந்தேகப்படுவது நியாயம். லைட்டை அணைத்து, ஆறவிட்டு (எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பைத் தொட்டால் தோல் பொசுங்கிவிடும்), பின்னால் ஒயரைப் பல்போடு சேர்க்கும் மூன்று முனைக் கப்ளரை உருவி, தண்ணீர் போகாமல் மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) கழற்றி, கம்பி கிளிப்பை அமுக்கி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்திருப்பது லோ பீம் இழை, அதற்குப் பின்னால் தனியாக இருப்பது ஹை பீம் இழை. லோ பீம்தான் அதிக நேரம் எரிகிறது, அதனால் அதுதான் முதலில் அறும். அறுந்த முனை சில நேரம் கண்ணுக்குத் தெரியாது, லேசாகத் தட்டினால் ஆடும். கண்ணாடி உள்ளே கருப்பாகவோ சாம்பல் நிறமாகவோ பூத்திருந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது.

பார்த்தும் புரியவில்லை என்றால் ஒரே வழி, ரெண்டு பல்பையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் பல்போடு கூடவே போனால் பல்புதான். பழைய பக்கத்திலேயே நின்றால் ஃபியூஸ், ஹோல்டர் அல்லது எர்த் (கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). பல வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு, டப்பா மூடியின் உள்பக்கமே படம் போட்டிருப்பார்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். அது மறுபடியும் போனால் எங்கோ ஒயர் தேய்ந்து பாடியில் படுகிறது என்று அர்த்தம். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவிட்டு ஓட்டுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

புது பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடலாம். இன்னொன்று, ரெண்டு பல்பும் ஒரே நாளில் போட்டதாக இருந்தால் ஒன்று போன பிறகு மற்றதும் ரொம்ப நாள் தாங்காது, ஜோடியாக மாற்றிவிடுவதே நல்லது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் அணைந்திருக்கிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருபவருக்கு நெருக்கமாக இருப்பது நம் வலது ஹெட்லைட். அது அணைந்துவிட்டால் அவருக்குத் தெரிவது இடது லைட் மட்டும், அதாவது தூரத்தில் ஓரமாக வரும் ஒரு பைக். பைக்தானே என்று அவர் நடுக்கோட்டை ஒட்டியோ, தாண்டியோகூட வருவார், ஓவர்டேக்குக்கும் இறங்குவார். அந்த ஒற்றை விளக்குக்குப் பக்கத்தில் அவர் காலி என்று நினைக்கும் இடத்தில் உங்கள் காரின் பாதி இருக்கிறது, அதில்தான் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுத் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் இது உயிர் போகும் விஷயம். எனவே வழியில் வலது பல்பு போய், மாற்று பல்பு கையில் இல்லையென்றால், இடது பல்பைக் கழற்றி வலதில் மாட்டுங்கள், பார்க்கிங் லைட் ரெண்டும் எரிகிறதா பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து அடுத்த ஊரோடு பயணத்தை நிறுத்துங்கள். 'ஒண்ணு எரியுதே, போதும்' என்று ராத்திரி முழுக்க ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

லோ பீம் ரெண்டும் இல்லை, ஹை பீம் மட்டும் எரிகிறது (அல்லது நேர் எதிராக)

ரெண்டு பல்பிலும் ஒரே இழை ஒரே நேரத்தில் அறுவது அபூர்வம். ஒன்று எப்போதோ போயிருந்து யாரும் கவனிக்காமல், இப்போது ரெண்டாவதும் போயிருக்கலாம், அதனால் பல்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பல்பு நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் ரிலே (ஸ்விட்சிலிருந்து வரும் சின்னக் கரண்டை வைத்துப் பல்புக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சின்ன டப்பா), அப்புறம் ஸ்டியரிங் பக்கத்து லீவருக்குள் இருக்கும் கான்டாக்ட். ரிலேயைச் சோதிக்கக் காசு செலவழிக்க வேண்டாம். ஃபியூஸ் பெட்டியில் அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுடையது, இருந்தால் அதை உருவி இதில் செருகிப் பாருங்கள்.

லீவரை மேலும் கீழும் லேசாக அசைக்கும்போது லைட் வந்து வந்து போனால் கான்டாக்ட் கருகியிருக்கிறது. பழைய சின்ன கார்களில் ரிலே இல்லாமல் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் இந்த ஸ்விட்ச் வழியாகவே போகும் அமைப்பு உண்டு, அவற்றில் இது அடிக்கடி வருகிற நோய். அந்த ஸ்விட்சைச் சுரண்டிப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், மாற்றுவதுதான் வழி.

ஹை பீம் எரிகிறதே என்று அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவது எதிரே வரும் ஒவ்வொருவரையும் சில நொடி குருடாக்கிவிட்டுப் போவது. ஹெட்லைட்டின் வெளிச்சம் எதிரில் இருப்பவர் கண்ணைக் கூசாதபடி கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன.

எதுவுமே எரியவில்லை

ஹாரன், டேஷ்போர்டு, பார்க்கிங் லைட் எல்லாமே செத்திருந்தால் பேட்டரி அல்லது பேட்டரி டெர்மினல். பூத்த பச்சை, வெள்ளைப் பொடியைச் சுரண்டி இறுக்கினாலே உயிர் வரலாம். மற்றவை எரிந்து ஹெட்லைட் மட்டும் இல்லையென்றால் ரிலே, மெயின் ஃபியூஸ், ஸ்விட்ச் என்ற வரிசையில் பாருங்கள். லைட் போடும்போது ரிலே 'டிக்' என்று சத்தம் போடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ரிலே செத்திருக்கிறது அல்லது அதற்கு ஸ்விட்சிலிருந்து கட்டளையே வரவில்லை.

எரிகிறது, ஆனால் மஞ்சளாக அழுது வடிகிறது

ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான், ஏனென்றால் அணைந்த லைட் தெரிந்துவிடும், மங்கிய லைட்டுக்குக் கண் பழகிவிடும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு சமமாகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரிகிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும்.

கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் அளந்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏதோ ஒன்று காட்ட வேண்டும். 13கூட இல்லையென்றால் டைனமோ, பெல்ட், பேட்டரியைப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வந்து, அதே நேரம் ஹெட்லைட் கப்ளரின் பின்பக்கம் அளந்தால் 12.2தான் வருகிறது என்றால் 1.6 வோல்ட் வழியிலேயே தொலைகிறது, வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. பல்பைக் கழற்றிவிட்டு வெறும் கப்ளரில் அளக்காதீர்கள். கரண்ட் ஓடாதபோது எல்லா ஒயரும் நல்ல ஒயராகவே காட்டும்.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. மீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பை ஹெட்லைட்டின் எர்த் ஒயரிலும் வைத்துப் பாருங்கள். லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவ் முனைக்கும் நடுவே 0.5க்கு மேல் காட்டினால் வரும் வழியில், அதாவது ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், கப்ளர் இவற்றில் ஏதோ ஒன்று கரண்டைத் தின்கிறது. எர்த் போனதற்கு இன்னொரு அடையாளம், லோ பீம் போட்டிருக்கும்போதே டேஷ்போர்டில் ஹை பீமைக் காட்டும் நீல விளக்கு லேசாக மினுக்குவது, அல்லது ஒரு பக்கத்தில் ரெண்டு இழையும் சேர்ந்து மங்கலாக எரிவது. எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்று உலோகம் தெரிந்ததும் இறுக்கிவிடுங்கள். செலவு ஒன்றுமே இல்லை. கடலோர ஊர் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடமே இதுதான்.

கப்ளரையும் கூர்ந்து பாருங்கள். நல்ல கப்ளர் வெள்ளையாகவோ கருப்பாகவோ ஒரே சீராக இருக்கும். சூடு கண்ட கப்ளரில் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் விழுந்திருக்கும், பிளாஸ்டிக் கொஞ்சம் குழைந்து உறைந்திருக்கும், உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு கறுத்து விரிந்து பல்பின் முனையை இறுகப் பிடிக்காமல் இருக்கும். உருவும்போது சிரமமே இல்லாமல் கழன்று வருவதும் அதே கதைதான். இதற்குப் பீங்கான் ஹோல்டர் கடையில் கிடைக்கிறது, அதே கனத்துக்கு ஒயர் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

100/90 வாட் பல்பு போட்டால் வெளிச்சம் வந்துவிடும் என்று சொல்வார்கள். 60 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர், 100 வாட் இழுப்பது 8 ஆம்பியருக்கு மேல். ஏற்கெனவே கரண்டை விழுங்கும் பழைய ஒயரில் அதைப் போட்டால் ஒயரிலேயே இன்னும் அதிகம் விரயமாகும், கப்ளர் உருகும், டூமின் (பல்பு உட்காரும் முழு ஹெட்லைட் கூட்டின்) ரிஃப்ளெக்டரும் வெந்துபோகும். சரியான வழி, கம்பெனி வாட் பல்பையே வைத்துக்கொண்டு ரிலே ஒயரிங் கிட் போடுவது. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு நேராகக் கரண்ட் வரும், பழைய ஒயர் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். வாரன்டியில் இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும்.

வோல்டேஜ் எல்லாம் சரி, இன்னும் மங்கல் என்றால் டூமின் முன்பக்கத்தைப் பாருங்கள். அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். நம்ம வெயிலில் மேல்பூச்சு தேய்ந்து மஞ்சள் பூத்துவிடும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் அது நிற்காது. வாட்டர் பேப்பரில் 800, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயிலைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அந்தக் கோட் இல்லையென்றால் சில மாதத்தில் திரும்பவும் மஞ்சள்தான். உள்ளே ரிஃப்ளெக்டரே மங்கியிருந்தால் டூமை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மினுக்கு மினுக்கென்று எரிகிறது

மேடு பள்ளத்தில் மட்டும் என்றால் கப்ளரோ எர்த்தோ லூஸ். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பிரகாசமாகி, விட்டால் மங்கினால் பேட்டரி அல்லது டைனமோ.

பல்பு அடிக்கடி போகிறது

இன்ஜினை ரெய்ஸ் பண்ணி பேட்டரியில் அளந்து பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் டைனமோவின் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டால் பல்பு மட்டுமல்ல, பேட்டரியும் கொதித்து வீணாகும். வோல்டேஜ் சரியாக இருந்தால் டூமுக்குள் ஈரம், ஆடும் பிராக்கெட், விலை குறைந்த போலி பல்பு, இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள்.

டூமுக்குள் தண்ணீர்

ஐப்பசி கார்த்திகை மழையில் உள்ளே லேசாகப் பனி மாதிரி பூத்து, லைட் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம், டூமுக்குக் காற்றுத் துளை உண்டு. சொட்டாக வழிந்தாலோ அடியில் தேங்கினாலோ பின்பக்க ரப்பர் பூட் கிழிந்திருக்கும் அல்லது பல்பு மாற்றியவர் அதைச் சரியாக மூடாமல் விட்டிருப்பார்.

பல்பு பளிச்சென்று எரிகிறது, ஆனால் ரோடு தெரியவில்லை

முதலில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். பின் சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதற்காக வெளிச்சத்தைக் கீழே இறக்க வைத்த சக்கரம் அது. தனியாக ஓட்டும்போது 3இல் கிடந்தால் ரோடு மூக்குக்கு நேரே மட்டும்தான் தெரியும். 0க்குக் கொண்டுவந்தாலே பலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ஃபோகஸ். சமதரையில், டயரில் காற்று சரியாக இருக்க, டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து என்ன உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்த டேப்புக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறிப் போக வேண்டும். உங்கள் டூமின் மேலேயே 1.0% அல்லது 1.2% மாதிரி ஒரு எண் அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், 1.0% என்றால் 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறக்கம்.

சில சென்டிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். லைட் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் வெளிச்சம் 65 மீட்டர் வரை ரோட்டில் போகும். அதுவே 25 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 26 மீட்டரிலேயே முடிந்துவிடும். 80இல் போகும்போது கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே, ஒன்றரை நொடி என்று வைத்தாலும், 33 மீட்டர் ஓடிவிடுகிறோம். காய்ந்த ரோட்டில் முழுசாக நிற்க 70 மீட்டர் கிட்ட ஆகும். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் பின் விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரும், தைப்பூச நேரத்தில் பழனி ரோட்டோரம் இருட்டில் நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டமும் உங்கள் வெளிச்சத்துக்குள் வரும்போது, பிரேக் பிடிக்க நேரமே இருக்காது. ஃபோகஸ் நன்றாக இருந்தாலும் லோ பீமில் 80 என்பது விளிம்பில் ஓட்டுவதுதான், விளக்கில்லாத ரோட்டில் 60க்கு இறங்கிவிடுங்கள்.

பம்பர் வேலை பார்த்த பிறகு ஒரு பக்கம் மட்டும் வானத்தையோ தரையையோ பார்த்தால் டூம் சரியாக உட்காரவில்லை. பல்பு மாற்றிய பிறகு வெளிச்சம் சிதறினால் பல்பின் வளையத்தில் இருக்கும் மூன்று காதும் அதனதன் பள்ளத்தில் உட்காரவில்லை, கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.

எல்ஈடி பல்பை ஹாலஜன் டூமில் மாட்டியிருந்தால், பெரும்பாலும் பிரச்சினை அதுதான். அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடித்தது. எல்ஈடி சிப் அந்த இடத்தில் அப்படியே உட்காராவிட்டால் வெளிச்சம் முன்னால் பக்கத்தில் வெள்ளையாகக் கொட்டும், தூரத்துக்குப் போகாது, மேலே சிதறுவது எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். பக்கத்து ரோடு பளிச்சென்று இருப்பதால் ஓட்டுபவருக்கு 'செம வெளிச்சம்' என்று தோன்றும், அந்தப் பளிச்சுக்குக் கண் சுருங்கி, தூரம் இன்னும் இருட்டாகிவிடும். எதிரே வருபவர்கள் தொடர்ந்து உங்களுக்கு லைட் அடித்துக் காட்டுகிறார்கள் என்றால் இதையும் ஃபோகஸையும் அன்றைக்கே பாருங்கள்.

முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைத்துப் பாருங்கள், ஏசி ஓடி ஓடி அங்கே ஒரு படலம் படியும். ஐம்பதைத் தாண்டியவர்கள், லைட்டில் எந்தக் குறையும் இல்லாமல் இரவில் மட்டும் கூசினால், கண் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள், கண்புரை இப்படியும் முதலில் தெரியலாம்.

எதில் கை வைக்கக் கூடாது

ஹெச்ஐடி (ஸெனான்) விளக்கு பற்றும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும், அதைத் திறக்கவே வேண்டாம். கம்பெனியிலேயே எல்ஈடியாக வந்த டூமும், லைட்டைக் கம்ப்யூட்டர் வழியாக இயக்கும் புது வண்டிகளும் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டியவை, ஒயரைக் குத்திச் சோதிப்பதே செலவை இழுத்துவிடும்.

எலக்ட்ரீஷியனிடம் போனால் "லைட் சரியா எரியல" என்று மட்டும் சொல்லாதீர்கள், பல்பை மாற்றி அனுப்பிவிடுவார். "வலது லோ பீம் மட்டும் மங்கல், பல்பை இடம் மாத்திப் பாத்துட்டேன், பேட்டரியில 13.8 இருக்கு, கப்ளர்ல 12.2தான் வருது" என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மீட்டரைத் திரும்ப வைத்துக் காட்டச் சொல்லி, ரெண்டு எண்ணுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்குள் வந்த பிறகு பணம் கொடுங்கள்.